அது அந்த ஆறு இல்லை

ஜாக்சனில் வடிகால் மாநாடு வெள்ளியோடு முடிந்துவிட்டது.
சனிக்கிழமை மிச்சம்.
முப்பது டாலர் கொடுத்து
மிசிசிப்பியைப் பார்க்க விக்ஸ்பர்க் வந்தேன்.

வேனில் ஐந்து பேர்.
ஒஹாயோத் தம்பதி, ஒரே நிறத் தொப்பியில்.
பீரங்கிகளின் எடையை ஒப்பிக்கும் ஒரு பையன்.
அவனுக்குத் தலையாட்டிக்கொண்டே
கைபேசியில் மூழ்கிய அவன் அப்பா.
அப்புறம் நான்.

ஓட்டுவதும் ஆர்லீத்தா பெட்வே,
ஊர்க்கதை சொல்வதும் அவளே.
ஐம்பதைத் தாண்டியவள்,
பிரேக் போடும்போதெல்லாம் ஒரு வருடத்தைச் சொல்வாள்.

வெள்ளத்தடுப்புச் சுவர்.
அப்பால் பழுப்பு நீர்,
பகலிலும் எரியும் கசினோ விளக்கு,
ஒரு மரக்கட்டை, யாரையும் சட்டை செய்யாமல்.
நாலு படம் எடுத்தேன்.
"அடேயப்பா, மிசிசிப்பி" என்றேன்
கொஞ்சம் சத்தமாகவே.

"அது யாசூ" என்றாள் ஆர்லீத்தா.
"மிசிசிப்பி எழுபத்தாறிலேயே கிளம்பிப் போயாச்சு.
ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தாறு."

போரில் ஒரு படையே மண்வெட்டியோடு நின்று
ஆற்றைத் திருப்பப் பார்த்ததாம்.
ஊரை ஒதுக்கிவிட்டுக் கப்பல் போக வேண்டும்.
ஆறு அசைந்து கொடுக்கவில்லை.
பதிமூன்று வருடம் கழித்து
யாரும் கேட்காமல், ஒரு ஏப்ரலில்,
வளைவின் கழுத்தை அறுத்துக் குறுக்கே போய்விட்டது.
துறை சேற்றில் நின்றது.
இருபத்தேழு வருடம் பொறுத்து
பக்கத்து ஆற்றைக் கால்வாய் வெட்டி அழைத்துவந்தார்கள்,
மூத்தவள் ஓடிப்போன பந்தலில்
இளையவளை உட்கார வைப்பதுபோல.

கடைசி உவமை என்னுடையது.
அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளம் ஏறிய கோடுகளைக் காட்டினாள்.
1927க்கு மேலே 2011,
ஒரு சாணுக்குச் சற்று அதிகம்.
என் தொழிலில் அந்தச் சாண்
பல கோடி ரூபாய்.
நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதில்
எனக்காக வேன் காத்திருந்தது.

பிறகு கல்லறைத் தோட்டம்.
பதினேழாயிரம் பேர்.
அதில் பதிமூவாயிரம் பேருக்குப் பெயர் இல்லை.
சரிவு முழுக்கச் சின்னச் சதுரக் கற்கள்,
தலையில் ஒரு எண், அவ்வளவுதான்.
தொப்பிக்காரர்களுக்கு அவர்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி கிடைத்தார்.
காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து
பெயரை எடுத்துக்கொண்டார்கள்.
அந்த அம்மா மூக்கைச் சிந்தினாள்.

"உங்களுக்கு இங்கே யாராவது?"
கேட்டபிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று பட்டது.

"சைலஸ். கறுப்புப் படை.
குடும்பப்பேர் எதைக் கொடுத்தாரோ தெரியாது.
எஜமான் பேரா, சொந்தமா யோசிச்ச பேரா.
அதனால சனிக்கிழமைக்கு ஒரு எண்.
குட்மார்னிங் சைலஸ்னு சொல்லிட்டுப் போவேன்.
என்னைக்காவது ஒருநாள் சரியா இருக்கும்ல?"

குனிந்தாள். ஒரு கல்லின் மேலிருந்த சருகைத் தள்ளினாள்.
சொன்னாள்.

வாரம் ஒன்று, வருடம் ஐம்பத்திரண்டு.
பாழாய்ப்போன புத்தி
அங்கேயும் கணக்குப் போட்டது.
"இருநூற்றைம்பது வருடம் ஆகும்" என்றேன்.

"ஆகட்டுமே" என்றாள்.
"அதுக்குள்ள ஆறே திரும்பி வந்துடும்."

மேட்டு வளைவில் வேன் திரும்பும்போது
தூரத்தில் நிஜ மிசிசிப்பி,
பாலத்தின் கீழே, தகரம்போல வெயிலில்.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
நானும்.

இறங்கும்போது எவ்வளவு கொடுப்பதென்று தெரியாமல்
அதிகமாகவோ குறைவாகவோ கொடுத்தேன்.
எந்த எண் என்று நினைவில்லை.
பின்னால் அந்தப் பையன்,
பீரங்கிகளை மறந்துவிட்டு,
படிக்கு ஒரு தடவையாய் முணுமுணுத்தபடி இறங்கினான்:
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று
நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொன்று